பூங்காவுக்குள் பாய்ந்த கமாரோ

தெற்கு லண்டனில் உள்ள கிறிஸ்டல் பேலஸ் பூங்கா நம்மவர்களுக்குப் புதிதல்ல. குரோய்டன், நார்வுட், டூட்டிங் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கூப்பிடு தூரம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளைகள் விக்டோரியா காலத்து டைனோசர் சிலைகளைச் சுற்றி ஓடும். பெரியவர்கள் அகலமான தார்ப்பாதையில் ஊர்க்கதை பேசியபடி நடப்பார்கள். தள்ளுவண்டிகளும் நாய்களும் போவதற்கு எதற்கு இத்தனை அகலப் பாதை என்று யாரும் கேட்பதில்லை. 1970களின் தொடக்கத்தில் இதே பூங்காவுக்குள்தான் ஐந்து லிட்டருக்கும் மேற்பட்ட எஞ்சினோடு ஷெவர்லே கமாரோக்கள் பாய்ந்தன. இருபுறமும் மரங்கள். மரங்களுக்கும் காருக்கும் நடுவே பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கிய தடுப்பு. அவ்வளவுதான் பாதுகாப்பு.

இங்கே பந்தயம் தொடங்கியது 1927-இல், மோட்டார்சைக்கிள்களோடு. பூங்காவுக்குப் பெயர் தந்த கண்ணாடி மாளிகை 1936 நவம்பர் 30 இரவு எரிந்து சாம்பலானது. ஆனாலும் அடுத்த ஆண்டே கார்களுக்கான தடம் திறந்தது. 1937 ஜூலையில் நடந்த முதல் லண்டன் கிராண்ட் பிரியை வென்றவர் ஒரு ஆசியர், சயாம் அரச குடும்பத்து இளவரசர் பீரா. போருக்குப் பின் 1953-இல் மறுபடி திறந்தபோது சுற்றின் நீளம் 1.39 மைல், அதாவது சுமார் 2.2 கிலோமீட்டர். சுற்றிலும் வீடுகள். அக்கம்பக்கத்தார் நீதிமன்றம் போய், ஆண்டுக்கு ஐந்து நாள்தான் பந்தயம் என்று தடை வாங்கிவிட்டார்கள். சென்னைக்கு அருகே பந்தயம் நடந்த நம் சோழவரமும் இங்குள்ள சில்வர்ஸ்டோனும் போர்க்கால விமானத் தளங்கள். ஊருக்கு வெளியே கிடந்ததால் சத்தத்துக்கு அவ்வளவாகச் சண்டை இல்லை. கிறிஸ்டல் பேலஸோ நகரத்துக்கு நடுவே இருந்தது. பஸ் ஏறி வந்து, மண்மேட்டில் நின்று, சாண்ட்விச்சைக் கடித்தபடி உலக சாம்பியன்களைப் பார்க்கலாம். பணக்காரர் பொழுதுபோக்கு என்று நாம் நினைக்கும் ஒன்றை மாநகர நிர்வாகமே தன் பூங்காவில் வைத்து நடத்தியது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அமெரிக்கக் கார்கள் இந்நாட்டுப் பந்தயத்துக்கு வந்தது தற்செயல்போலத்தான். 1961-இல் டான் கர்னி என்ற அமெரிக்க ஓட்டுநர் ஒரு ஷெவர்லே இம்பாலாவைச் சில்வர்ஸ்டோனுக்குக் கொண்டுவந்து, அதுவரை அசைக்க முடியாதவையாக இருந்த ஜாகுவார் 3.8 கார்களைப் பின்னால் விட்டுவிட்டு ஓடினார். சக்கரம் உடைந்து பாதியில் நின்றார். ஆனாலும் பார்த்தவர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள். 1963-இல் ஜாக் சியர்ஸ் ஏழு லிட்டர் ஃபோர்டு கேலக்ஸியில் வந்து ஜாகுவார்களின் கதையை முடித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், லண்டனுக்குத் தென்கிழக்கே கென்ட்டில் உள்ள பிராண்ட்ஸ் ஹாட்சில் ஜிம் கிளார்க் ஒரு கேலக்ஸியை வெற்றிக்கு ஓட்டினார். பிறகு பிரிட்டிஷ் சலூன் கார் சாம்பியன்ஷிப் பட்டம் 1965-இல் ராய் பியர்பாய்ன்ட்டின் மஸ்டாங்குக்கும், 1967-இல் ஃபிராங்க் கார்ட்னரின் ஃபால்கனுக்கும் போனது.

மஸ்டாங்கா கமாரோவா என்ற வழக்கு அமெரிக்காவில் பிறந்தது. மஸ்டாங் 1964 ஏப்ரலில் வந்தது. அதற்குப் பதிலடியாக ஜெனரல் மோட்டார்ஸ் 1966-இல் கமாரோவை இறக்கியது. அங்கே டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் எஞ்சின் ஐந்து லிட்டரைத் தாண்டக்கூடாது. இரண்டு நிறுவனங்களும் 302 கன அங்குலத்தில் தனி எஞ்சினே செய்தன. விற்பனைத் தாளில் இரண்டுக்கும் 290 குதிரைத்திறன் என்றே போட்டார்கள். உண்மை அதற்கு மேல் என்பது ஊரறிந்த ரகசியம். 1966, 67 பட்டங்கள் மஸ்டாங்குக்கு. 68, 69 கமாரோவுக்கு. 1970-இல் மறுபடி மஸ்டாங்.

இங்கிலாந்தில் இந்த வழக்கு எடுபடவில்லை. ஆஸ்திரேலியரான கார்ட்னர் 1970-இல் பாஸ் 302 மஸ்டாங் ஓட்டினார்; பிறகு அதே மனிதர் கமாரோவுக்கு மாறினார். கட்சி மாறியதாக யாரும் வருத்தப்படவில்லை. காரணம், இரண்டு கார்களுக்குமே இங்கே உண்மையான எதிரி வளைவுதான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காலக் கமாரோவும் மஸ்டாங்கும் சுமார் ஒன்றரை டன். கனமான எஞ்சின் முன்னால். பின்பக்கம் லாரிக்குப் போடுவதுபோல் ஒரே முழு ஆக்சில், அதன்மேல் பட்டை ஸ்பிரிங். நேர்சாலையில் இடி மாதிரிப் போகும். ஆனால் திருப்பத்துக்கு முன் அந்த எடையை நிறுத்த வேண்டும். சில சுற்றுகளிலேயே பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். தேர் நிலைக்கு வரும் வழியில் தெருமுனை திரும்புவதைப் பார்த்தவர்களுக்குப் புரியும்: இழுப்பது சுலபம், திருப்புவதில்தான் ஊரே கூடி மூச்சைப் பிடிக்கும். கிறிஸ்டல் பேலஸில் நார்த் டவர் திருப்பம் தாண்டினால் கிளேட் என்ற மரச்சரிவு, அதன்பின் அடுத்தடுத்து வளைவுகள். மூச்சு விட இடமில்லை. அங்கே மினிகளும், ஃபோர்டு எஸ்கார்ட்டுகளும், ஒரு லிட்டர்கூட நிரம்பாத சன்பீம் இம்ப்களும் கமாரோவின் பம்பருக்குக் கீழே வந்து நிற்கும். நேர்பாதை வந்ததும் அமெரிக்கன் ஒரு உறுமலில் விலகிப் போகும். அடுத்த திருப்பத்தில் மறுபடி இவை வந்துவிடும். ஒவ்வொரு சுற்றும் இதே கூத்து.

இதைவிடச் சுவையானது புள்ளிக் கணக்கு. சாம்பியன்ஷிப்பில் எஞ்சின் அளவுப்படி வகுப்புகள் பிரித்திருந்தார்கள். எந்த வகுப்பில் முதலில் வந்தாலும் ஒரே அளவு புள்ளிதான். அதனால் கொடியை முதலில் கடந்து கைதட்டல் வாங்கியவை அமெரிக்க ராட்சதர்கள். ஆனால் 1970, 71, 72 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு பட்டத்தை வீட்டுக்கு எடுத்துப் போனவர் பில் மெக்கவர்ன், 998 சிசி இம்பில். நெருப்பணைக்கும் பம்ப்புக்காக உருவான எஞ்சினின் வழிவந்தது அந்த இம்பின் எஞ்சின்! கமாரோவுக்குப் பட்டம் கிடைக்க 1973 வரை கார்ட்னர் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்குள் கிறிஸ்டல் பேலஸில் கடை கட்டத் தொடங்கிவிட்டார்கள். 1972 மே மாதம் கடைசி சர்வதேசப் பந்தயம். அதில் மைக் ஹெயில்வுட் 48.4 விநாடியில் ஒரு சுற்றை முடித்தார். சராசரி மணிக்கு 103.39 மைல். ஒரு பூங்காவுக்குள் அந்த வேகம், கட்டைத் தடுப்புகளுக்கு நடுவே. மூடியது சரியான முடிவு என்றே சொல்வேன். பழைய படங்களைப் பார்த்து ஏங்குபவர்கள் அந்தக் கட்டைகளையும் உற்றுப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கக் கார்களை முதன்மைப் பந்தயத்திலிருந்து வெளியேற்றியது ஒரு விதி. 1974, 75 ஆண்டுகளில் ஸ்டூவர்ட் கிரஹாம் கமாரோவில் சில்வர்ஸ்டோனின் டூரிஸ்ட் டிராபியை இருமுறை வென்றிருந்தார். 1976-இல் சலூன் கார் சாம்பியன்ஷிப்பில் எஞ்சின் மூன்று லிட்டரைத் தாண்டக்கூடாது என்றார்கள். கமாரோ வீட்டுக்குப் போனது. ஃபோர்டு காப்ரி அரியணை ஏறியது.

இன்று நிலைமை வேறு. அமெரிக்க ராட்சதக் காரை லண்டனில் பார்க்கப் பந்தயத் தடத்துக்குப் போக வேண்டியதே இல்லை. 1970களில் தொடங்கிய செல்சி குரூஸ் இருக்கிறது. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை இரவில் பழைய அமெரிக்கக் கார்கள் செல்சி, பேட்டர்சி பக்கம் ஊர்வலம் வரும் வழக்கம். நார்த் சர்க்குலர் சாலையில் ஏஸ் கஃபே வாசலிலும் அவை வரிசை கட்டும். வளைவே வேண்டாம் என்பவர்களுக்கு, பெட்ஃபர்ட்ஷயரில் 1966-லிருந்து கால் மைல் நேர்ப்பந்தயம் நடத்தும் சாண்டா பாட்.

மஸ்டாங் 2015-இல்தான் தொழிற்சாலையிலிருந்தே வலப்பக்க ஸ்டீயரிங்கோடு இந்நாட்டுக்கு வந்தது. அந்தத் தலைமுறையில்தான் அதன் பின்பக்கத்து முழு ஆக்சிலும் அடியோடு ஒழிந்து, எல்லா மாடலுக்கும் சக்கரத்துக்குச் சக்கரம் தனித்தனி சஸ்பென்ஷன் வந்தது. வளைவு என்ற எதிரியைச் சமாளிக்க ஃபோர்டுக்கு ஐம்பது ஆண்டு பிடித்திருக்கிறது. கமாரோவுக்கு அது 2010 மாடலிலேயே கிடைத்துவிட்டது. ஆனால் கம்பெனி அதை வலப்பக்க ஸ்டீயரிங்கில் செய்யவே இல்லை. அதனால் லண்டன் ஷோரூமில் பழைய வழக்குக்கு இடமில்லாமல், ஒருதலைப்பட்சமாகவே தீர்ப்பாகிவிட்டது. இப்போது கமாரோவின் உற்பத்தியும் நின்றுபோயிற்று. மஸ்டாங் என்ற பெயரிலோ சத்தமில்லாத மின்சாரக் கார் ஒன்றும் ஓடுகிறது.

சத்தத்துக்கு எதிராக அன்று நீதிமன்றம் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று புகையைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். நியாயம்தான். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதும், அதிகப் புகை விடும் வண்டிகளுக்குக் கட்டணம் விதிக்கும் யூலெஸ் வட்டத்துக்குள் வந்துவிட்டது. புகை கக்கும் பழைய வண்டிகள் ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், நாற்பது வயது தாண்டி வரலாற்று வண்டியாகப் பதிவான கார்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே 1969 கமாரோ தாகம் கொண்ட எஞ்சினோடு காசு கட்டாமல் போகும். கடைக்குச் சரக்கு ஏற்றும் 2010 டீசல் வேன் கட்டும். அந்த வேனை ஓட்டும் அண்ணனிடம் இதைச் சொன்னால் என்ன பதில் வரும் என்பதை இங்கே அச்சிட முடியாது.

ஊருக்குள் பந்தயம் வேண்டுமா என்ற கேள்வி லண்டனோடு நிற்கவில்லை. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடந்தபோது நமக்கும் நீதிமன்றம்வரை வழக்கு வந்தது. கிறிஸ்டல் பேலஸில் 2010-இல் மீண்டும் தொடங்கியது வெறும் ஸ்பிரின்ட்தான்: பழைய தடத்தின் ஒரு பகுதியில், ஒரு நேரத்தில் ஒரே கார், கடிகாரத்தை எதிர்த்து. முட்டி மோத யாருமில்லை.

மோதலைப் பார்க்க வேண்டுமென்றால் பிராண்ட்ஸ் ஹாட்ச்தான். 2013 முதல் அங்கே அமெரிக்கன் ஸ்பீட்ஃபெஸ்ட் என்று ஒரு கோடை விழா. அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தின் ஐரோப்பியப் பிரிவே அதற்கு வந்து ஓடியிருக்கிறது. நாஸ்கார் என்றதும் நம் நாராயண் கார்த்திகேயனைச் சொல்லாமல் விட முடியாது. 1990களில் இங்கிலாந்தின் தடங்களில் பழகிய அந்தக் கோயம்புத்தூர்க்காரர் 2010-இல் அமெரிக்கா போய் நாஸ்கார் டிரக் தொடரில் ஓட்டி, அந்த ஆண்டு ரசிகர்களின் பிரியமான ஓட்டுநராக வாக்களிக்கப்பட்டார்.

என் ஓட்டு விழாவுக்கு அல்ல, பிராண்ட்ஸ் ஹாட்சில் ஓடும் 1966-க்கு முந்தைய சலூன் கார்களின் பந்தயத்துக்கு. ஃபால்கன், மஸ்டாங், லோட்டஸ் கார்ட்டினா, மினி எல்லாம் ஒரே கூட்டமாய்க் கிளம்பும். விக்டோரியாவில் ரயில் ஏறி ஸ்வான்லியில் இறங்கினால் டாக்சிக்குப் பக்கம்தான். உள்ளே போனதும் கூட்டம் நேர்பாதை ஓரமாகப் போகும், அங்கே நிற்காதீர்கள். பேடக் ஹில் இறக்கம் முடிந்து மேடேறும் இடத்தில் டிரூயிட்ஸ் என்ற கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அதன் வெளிப்பக்கம் இடம் பிடியுங்கள். ஃபால்கனின் பிரேக் விளக்கு எரியும் கணத்திலேயே உள்பக்கமாக மினி மூக்கை நுழைப்பது அங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும். மழைக்கோட்டையும் மறக்க வேண்டாம். கென்ட்டின் கோடையை நம்ப முடியாது.