ஒரு நிமிடம் முழுதாக எண்ணு

குழந்தைக்கு மூச்சு வாங்குகிறதா என்று கண்டுபிடிக்க ஸ்டெதஸ்கோப் தேவையில்லை. அம்மா மடியில் அழாமல் இருக்கும்போது சட்டையை மெல்ல உயர்த்தி, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. எண்ணிக்கை இதைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு. நெஞ்சுக்கூட்டின் அடிப்பகுதி உள்ளே இழுத்துக்கொண்டால் இன்னும் கவனம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த இந்த அளவுகளோடுதான் எங்கள் வார்டில் மாணவர்களுக்கு முதல் நாள் பாடம் தொடங்குகிறேன்.

மாடம்பாக்கத்தில் குடியிருக்கிறேன், இந்தப் பக்கத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில் குழந்தை மருத்துவம் கற்பிக்கிறேன். குரோம்பேட்டை, சேலையூர், ரத்தினமங்கலம் என்று சுற்றிலும் கல்லூரி மருத்துவமனைகள். அங்கே பிள்ளையைச் சேர்த்த தாய்மார்கள் தெருவில் என்னைப் பார்த்தால் கேட்பார்கள்: “கோட்டு போட்ட பசங்க இத்தனை பேர் எதுக்கு டாக்டரம்மா வர்றாங்க?”

நியாயமான கேள்வி. முன்பெல்லாம் வார்டுப் படிப்பு பெரும்பாலும் அதிர்ஷ்டத்தை நம்பியே நடந்தது. போஸ்டிங் வாரங்களில் இதயத்தில் ஓட்டை உள்ள குழந்தை யாராவது படுத்திருந்தால் மர்மர் சத்தம் காதில் விழும். இல்லாவிட்டால் புத்தகத்தில் படித்ததோடு சரி. பேராசிரியரைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் முன்வரிசை பார்க்கும், பின்வரிசை குறிப்பெடுக்கும். கேஸைத் தடையில்லாமல் ஒப்பிப்பவர் கெட்டிக்காரர் என்று பேர் வாங்குவார். அவர் குழந்தையை எப்படித் தொட்டார், தாயிடம் என்ன கேட்டார் என்பதை ஆசிரியர் நேரில் பார்த்திருப்பது அரிது.

2019-இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்கள் முதல் நாடெங்கும் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. என்னென்ன கைவர வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. ஆசிரியர் செய்து காட்டுவார். மாணவர் கவனிப்பார், கூட நின்று உதவுவார், பிறகு தானே செய்வார். லாக்புக்கில் கையெழுத்து விழும். அந்தக் கையெழுத்துக்கு முன் ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்த்தாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பேன். பார்க்காமல் போட்டால் பழைய கதைதான். அமெரிக்கக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-இல் மருத்துவத் திறனை நான்கு படிகளாகப் பிரித்தார்: அறிவது, எப்படிச் செய்வதென்று அறிவது, செய்து காட்டுவது, அன்றாட வேலையில் செய்வது. எழுத்துத் தேர்வு முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடுகிறது.

பெரியவர்களைப் போலத் தலையில் தொடங்கிக் காலில் முடிக்க, குழந்தை இடம் கொடுக்காது. தூங்கும்போதே இதயத்தைக் கேட்டுவிட வேண்டும். தொண்டையும் காதும் கடைசியில். அவசரப்பட்டு முதலிலேயே நாக்கை அழுத்திப் பார்த்தால் அழுகை தொடங்கிவிடும்; அதன்பின் மூச்சை எண்ணவும் முடியாது, வயிற்றைத் தொட்டு அறியவும் முடியாது. இந்த வரிசை எல்லா மாணவருக்கும் தெரியும். ஆனால் கை அதைக் கேட்கிறதா என்பது கட்டிலருகே நின்றால்தான் தெரியும்.

இன்னொன்று, பாராசிட்டமால். சொட்டு மருந்தில் பொதுவாக 1 மில்லியில் 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லியில் 125 அல்லது 250. சொட்டு மருந்தைச் சிரப் என்று நினைத்து 5 மில்லி கொடுத்தால் 500 மில்லிகிராம் போய்விடும். குழந்தையின் எடைக்குக் கணக்குப் போட்டதும் வேலை முடிந்தது என்று மாணவர்கள் எழுந்துவிடுவார்கள். நான் விடுவதில்லை. வீட்டிலிருக்கும் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, தாயே மருந்தை அளந்து காட்டும்வரை உட்கார வைப்பேன். கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் இங்கே நிறைய. பாஷை புரியாத இடத்தில், அளந்து காட்டச் சொல்வது ஒன்றே நம்பகமான வழி.

தேர்விலும் இதே ஒழுங்கு வேண்டும். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் 1975-இல் அறிமுகப்படுத்திய ஆஸ்கி முறையில், மணி அடித்ததும் மாணவர்கள் மேசை மாறுவார்கள். ஒரு மேசையில் உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்க வேண்டும், அடுத்ததில் வளர்ச்சி அட்டையைப் படிக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே மதிப்பெண் பட்டியல்.

மண்ணீரல் வீங்கிய குழந்தையின் வயிற்றை ஒரு வகுப்பே அழுத்திப் பார்த்தால் அந்தக் குழந்தைக்கு வலிக்கும். அதனால் ஒரு குழந்தையிடம் ஓரிருவரை மட்டுமே அனுப்புவேன். மூச்சுத்திணறலில் இருக்கும் பிள்ளையை யாரும் தொடக்கூடாது. மற்றதெல்லாம் பொம்மையிலும் வீடியோவிலும் பழகலாம். தாய்மார்களுக்கு ஒன்று: மாணவர் பார்க்க வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம், அதனால் வைத்தியத்தில் எந்தக் குறையும் வரக்கூடாது. சம்மதித்தால் பிள்ளையை உங்கள் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பசியோ தூக்கமோ வந்துவிட்டால் “அப்புறம் வாங்கப்பா” என்று அனுப்பிவிடுங்கள்; அவர்கள் காத்திருப்பார்கள்.