சுறாக் குட்டிகளின் தொட்டில்

பஹாமா நாட்டைச் சேர்ந்த பிமினி தீவுகள், அமெரிக்காவின் பிளாரிடா கரைக்குக் கிழக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. அங்குள்ள அலையாத்திக் காட்டின் ஓரமாக, முகக் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் அணிந்து நீந்துவோர் சுறாக்களைக் காண்பதுண்டு. அவற்றுள் பல, மஞ்சள் சாயல் கொண்ட எலுமிச்சைச் சுறாவின் குட்டிகளே. பிறக்கும்போது அவற்றின் நீளம் சுமார் 2 அடிதான்.

இக்குட்டிகள் ஆழமற்ற நீரில் வாழ்வதேன்? பின்னிக் கிடக்கும் வேர்களிடையே பெரிய சுறாக்கள் நுழைய இயலா. இரையாகும் சிறு மீன்களோ அங்கு மிகுதி. ஆகவே முதல் சில ஆண்டுகளை அவை அங்கேயே கழிக்கின்றன. 1993 முதல் 1997 வரை அங்குப் பிறந்த பெண் சுறாக்களுள் சில, 14 முதல் 17 ஆண்டுகளுக்குப் பின் அவ்விடத்திற்கே திரும்பி வந்து குட்டி ஈன்றதை ஆராய்ச்சியாளர் கண்டறிந்துள்ளனர்.

இக்குட்டிகளைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. எனினும் எச்சரிக்கை தேவை. அவற்றைத் துரத்துதலும், வாலைப் பற்றுதலும், இரை காட்டி அழைத்தலும் ஆகா. கலங்கிய நீரிலும் அந்தி வேளையிலும் நீந்துதல் கூடாது.

வணிகத்திற்காகச் சுறா பிடிப்பதைப் பஹாமா அரசு 2011-இல் தடை செய்தது. ஆயினும் தடை மட்டும் போதாது. காட்டை வெட்டிக் கரையைத் தூர்த்துவிட்டால், திரும்பி வரும் தாய்ச் சுறாவுக்கு ஈனுமிடம் இராது. கடல் வளத்தைப் பேண விழைவோர் முதற்கண் காக்க வேண்டியது கரையோரக் காட்டையே ஆகும்.