நெறி கட்டுவது ஏன்?

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். தொட்டால் வலிக்கும் அந்த வீக்கம் ஒரு நிணநீர் கணு. கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அங்கே வந்து குவிகின்றன; வந்தவை சில நாட்களுக்கு வெளியேறுவதுமில்லை. எப்போது புறப்படலாம் என்று அவற்றுக்கு உணர்த்துவது ஒரு கொழுப்பு மூலக்கூறு.

அதன் பெயர் ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட்; சுருக்கமாக எஸ்1பி. செல் சவ்வின் கொழுப்புகளிலிருந்து உருவாவது. ரத்தத்திலும் நிணநீரிலும் இது மிகுதி. திசுக்களுக்குள் மிகக் குறைவு. அங்கே லையேஸ் என்ற நொதி அதை உடனுக்குடன் சிதைத்துவிடுகிறது.

ரத்தத்தில் சுற்றும் டி-செல் என்ற வெள்ளை அணுவுக்கு எஸ்1பி-யை உணரும் ஏற்பிகள் உண்டு. ரத்தத்தில் எஸ்1பி நிறைந்திருப்பதால் அவை செல்லுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். கணுவுக்குள் நுழைந்து சில மணி நேரம் கிருமியின் தடயத்தைத் தேடுவதற்குள் ஏற்பிகள் மீண்டும் மேற்பரப்புக்கு வந்துவிடும். இப்போது எஸ்1பி மிகுந்த நிணநீர்க் குழாய் இருக்கும் திசை செல்லுக்குத் தெரிகிறது. அந்தப் பக்கம் நகர்ந்து வெளியேறுகிறது. தொற்று இருந்தால் சிடி69 என்ற புரதம் ஏற்பிகளை உள்ளேயே இழுத்துவைக்கும். கிருமியை அடையாளம் கண்ட செல் அங்கேயே தங்கிப் பெருகி, அதன் பிறகே புறப்படும்.

இந்த வழியை அடைத்தே ஒரு மருந்து வேலை செய்கிறது. சிள்வண்டின் இளம்பூச்சியைத் தாக்கும் ஒரு பூஞ்சையில் கிடைத்த பொருளை மாற்றியமைத்து, ஜப்பானில் டெட்சுரோ ஃபுஜிட்டாவின் குழு ஃபிங்கோலிமோடை உருவாக்கியது. உடலுக்குள் போனதும் அது எஸ்1பி-யைப் போன்ற வடிவம் பெற்று ஏற்பியைப் பற்றுகிறது. ஏற்பி செல்லுக்குள் போய் அழிகிறது. செல்கள் கணுவிலேயே நின்றுவிடுகின்றன. நரம்புறையைச் சொந்த வெள்ளை அணுக்களே அரிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கு, 2010இல் அமெரிக்கா இதை அனுமதித்தது. இதயத்திலும் எஸ்1பி ஏற்பிகள் இருப்பதால் முதல் வேளை மருந்து நாடித்துடிப்பைக் குறைக்கும். எனவே நோயாளியை 6 மணி நேரம் கண்காணிப்பில் வைக்கிறார்கள்.

உணவுக்கு நிறமூட்டும் ஒருவகை கேரமலில் உள்ள டிஹெச்ஐ என்ற பொருள் லையேஸ் நொதியைத் தடுக்கும். 2005இல் வெளியான ஆய்வில் அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கணுக்களுக்குள் எஸ்1பி பெருகியது. ஆனால் செல்கள் வெளியேறவில்லை. உள்ளும் புறமும் அளவு நெருங்கியதும் செல்லுக்குத் திசை தெரியாமல் போயிற்று. எஸ்1பி நிறைய இருந்தால் மட்டும் போதாது. இருக்கக்கூடாத இடத்தில் அது இல்லாமலும் இருக்க வேண்டும்.