கணவன் பிரிந்தாலும் கடன் பிரியாது!

மாலை ஐந்து மணி. ஓசூரில் இருந்து வந்த கம்பெனி பஸ் தேன்கனிக்கோட்டையில் நிற்கிறது. ஒரு பெண் இறங்குகிறாள். கணவன் பெங்களூரில் இருக்கிறான். சண்டை முற்றி, இவள் தாய் வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது.

வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. கடன் வசூலிக்க வந்தவர் காத்திருக்கிறார்.

"அக்கா, மூன்று தவணை பாக்கி."

"பணத்தை வாங்கிச் செலவழித்தவர் அவர். அவரைப் போய்க் கேளுங்கள்."

"கையெழுத்து உங்களுடையது அக்கா!"

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், எந்த ஊரிலும், எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது. அந்தப் பெண் சொன்னதும் உண்மை. வசூலிக்க வந்தவர் சொன்னதும் உண்மை. சட்டம் யார் பக்கம்?

பாங்கிக்குத் தெரியாது

புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்தது ஊருக்குத் தெரியும். பாங்கிக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதற்குக் கவலை இல்லை. அது பார்ப்பது கையெழுத்தை மட்டுமே.

இருவரும் சேர்ந்து வாங்கிய கடனுக்கு இருவரும் பொறுப்பு. "பாதி எனக்கு, பாதி அவருக்கு" என்று பாங்கியிடம் சொல்ல முடியாது. முழுத் தொகையையும் ஒருவரிடமே கேட்கலாம். ஜாமீன் போட்டவருக்கும் இதே கதிதான். கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இப்படிச் சொல்கிறது.

"கடனைக் கணவனே கட்ட வேண்டும்" என்று விவாகரத்தின்போது முடிவாகி இருக்கலாம். அது கணவனைக் கட்டுப்படுத்தும். பாங்கியைக் கட்டுப்படுத்தாது. அவன் கட்டத் தவறினால் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள்.

எழுத்தில் கட்டிய முடிச்சை எழுத்தால்தான் அவிழ்க்க வேண்டும்.

முதல் வேலை என்ன?

ஒரு நோட்டை எடுங்கள். உங்கள் கையெழுத்து எங்கெல்லாம் இருக்கிறது என்று எழுதுங்கள். வீட்டுக்கடன், வண்டிக்கடன், நகைக்கடன், குழுக்கடன், அண்ணன் தம்பிக்குப் போட்ட ஜாமீன். ஒன்றையும் விடாதீர்கள்.

மறந்துபோன கடன் இருக்கலாம். உங்களுக்குத் தெரியாமல் உங்கள் பேரில் வாங்கிய கடனும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. யார் யாருக்கு எவ்வளவு கடன், ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று குறித்து வைக்கும் கம்பெனிகள் நாலு இருக்கின்றன. "சிபில்" என்று ஊரில் சொல்கிறோமே, அது அவற்றில் ஒன்று. ஒவ்வொரு கம்பெனியும் உங்கள் கடன் அறிக்கையை ஆண்டுக்கு ஒரு தடவை இலவசமாகக் கொடுக்க வேண்டும். 2017-ம் ஆண்டில் இருந்து ரிசர்வ் பாங்கியின் உத்தரவு இது. அறிக்கையில் தப்பு இருந்தால் எழுதிக் கேட்டுத் திருத்தலாம்.

அவன் மேல் கோபம், தவணை மேல் வேண்டாம்

"அவன் கட்டட்டும்" என்று விட்டுவிட்டால், கெட்ட பேர் உங்களுக்கும் சேர்த்துத்தான். நாளைக்குப் பிள்ளையின் படிப்புக்குக் கடன் கேட்டுப் போவீர்கள். பழைய பாக்கி குறுக்கே நிற்கும்.

கட்ட முடிந்தால் கட்டுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் கணவனிடம் கேட்க அதுவே சாட்சி. கட்ட முடியாவிட்டால், தவணை தவறும் முன்பே பாங்கிக்குப் போய்ச் சொல்லுங்கள். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டும்படி மனுக் கொடுங்கள்.

கடனில் இருந்து உங்கள் பேரை எடுக்க வேண்டுமா? கடனைக் கணவன் தன் பேருக்கு மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். பாங்கியும் சம்மதிக்க வேண்டும். வாய்ப் பேச்சு போதாது. எழுத்தில் வாங்குங்கள்.

கூட்டுக் கணக்கில் பணம் இருக்கிறதா? இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று இருந்தால் ஆபத்து. இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் தரவேண்டும் என்று பாங்கிக்கு எழுதிக் கேளுங்கள். சம்பளத்தைத் தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். ஏ.டி.எம். ரகசிய எண்ணையும் மாற்றுங்கள். பாங்கிச் செய்தி யாருடைய செல்போனுக்குப் போகிறது என்று பாருங்கள்.

குழுக்கடன் வசூலிப்பவருக்கும் கட்டுப்பாடு உண்டு. காலை 9 மணிக்கு முன்பும், மாலை 6 மணிக்குப் பிறகும் கடன்காரரைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டவும் கூடாது. இதுவும் ரிசர்வ் பாங்கி விதிதான்.

89 பவுன் வழக்கு

கேரளாவில் ஒரு பெண்ணுக்கு 2003-ம் ஆண்டு கல்யாணம் நடந்தது. பெற்றோர் 89 பவுன் நகை போட்டார்கள். கணவனும் மாமியாரும் அதைத் தங்கள் பழைய கடனை அடைக்க எடுத்துக்கொண்டார்கள் என்று அவள் வழக்குப் போட்டாள்.

2011-ல் ஆலப்புழை குடும்பக் கோர்ட்டு அவளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2022-ல் ஐகோர்ட்டு அதை மாற்றியது. "சரியான நிரூபணம் இல்லை" என்றது. அவள் விடவில்லை. 2024 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு, அவளுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி கணவனுக்கு உத்தரவிட்டது. "சீதனம் பெண்ணின் சொத்து. கஷ்ட காலத்தில் கணவன் உபயோகிக்கலாம். ஆனால் திருப்பித் தரவேண்டியது அவன் கடமை" என்பது தீர்ப்பின் சாரம்.

வெற்றிதான். ஆனால் எத்தனை வருஷம்! ஆகையால் நகைப் பட்டியலையும், கல்யாணப் படத்தையும், கடை ரசீதையும், அடகுச் சீட்டின் நகலையும் இப்போதே பத்திரப்படுத்துங்கள்.

எல்லை ஒரு தடை அல்ல

"கணவன் கர்நாடகத்தில் இருக்கிறானே, பெங்களூருக்கு அலைய வேண்டுமா?" என்று கேட்கலாம். வேண்டாம். 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, நீங்கள் இப்போது தங்கி இருக்கும் இடத்துக்குரிய மாஜிஸ்திரேட்டு கோர்ட்டிலேயே மனுச் செய்யலாம். தற்காலிகமாகத் தங்கி இருந்தாலும் போதும். ஜீவனாம்ச மனுவுக்கும் உங்கள் மாவட்டமே போதும்.

அடி உதை மட்டும் வன்முறை அல்ல. செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதும், சீதனத்தை விற்றுத் தின்பதும் வன்முறை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. கூட்டுக் கணக்கையும், பாங்கிப் பெட்டகத்தையும் கணவன் தொடக் கூடாது என்று கோர்ட்டு தடை போடலாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். ஆபத்து என்றால் 181.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை

மனைவியின் கடனுக்கு ஜாமீன் போட்ட கணவனுக்கும் இதே சட்டம்தான். கோபத்தில் கூட்டுக் கணக்கைத் துடைத்து எடுக்காதீர்கள். ஜீவனாம்ச வழக்கில் இருவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணமாக எழுதித் தரவேண்டும் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. மறைத்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

பிரிந்தவர்கள் நாளை மறுபடி சேரலாம். சேராமலும் போகலாம். எதுவானாலும், யாராவது ஒரு காகிதத்தை நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்துப் போடு" என்றால், முதலில் படியுங்கள். புரியாவிட்டால் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். பிறகு பேனாவைத் தொடுங்கள்.