பழைய சுவரின் கற்கள்

நம் சேலம், நாமக்கல் பகுதிகளில் ஒரு பழைய கட்டடத்தை இடிக்கப் போகிறோம் என்று தெரிந்தால் முதலில் வருபவர் மரம் வாங்குபவர். நிலை, கதவு, உத்திரம் எல்லாவற்றுக்கும் விலை பேசி எடுத்துச் செல்வார். அடுத்து இரும்புக்காரர். கல்லைக் கேட்டு வருபவர் குறைவு. அது பள்ளத்தில் கொட்டப்படுகின்றது, அல்லது கிரஷருக்குப் போய் ஜல்லியாகின்றது. உண்மையில் அந்தக் கட்டடத்தில் மிக அதிக காலம் உழைக்கக்கூடிய பொருள் அதுதான்.

சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்ற கடினமான பாறையால் ஆனது. அந்தப் பெயர் வந்த விதம் சுவையானது. கொல்கத்தா புனித யோவான் ஆலய வளாகத்தில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறை இருக்கின்றது. புவியியலாளர் தாமஸ் ஹாலந்து 1893இல் அந்தக் கல்லறைக் கல்லின் பாறை வகைக்கு அவர் பெயரையே சூட்டினார். முந்நூறு ஆண்டுகளாக அந்தக் கல் அங்கே இருக்கின்றது. நம் வீட்டுப் படிக்கல்லோ ஐம்பது ஆண்டுகளிலேயே 'பழசு' ஆகிவிடுகின்றது!

கல்லை மீண்டும் பயன்படுத்த முடிவதற்குக் காரணம் நம் முன்னோரின் சுண்ணாம்புச் சாந்து. அது கல்லைவிட மென்மையானது. உளியால் தட்டினால் கல் முழுதாகப் பிரிந்து வரும். ஒட்டியிருப்பதைச் சுரண்டிவிட்டால் அடுத்த சுவருக்குத் தயார். சிமெண்ட் அப்படியல்ல. அது இறுகப் பிடித்துக்கொள்ளும்; பிரிக்கப்போனால் கல்லின் விளிம்பும் உடையும். ஆகவே நூறு வயதுச் சுவர் தரும் கல்லை நாற்பது வயதுச் சுவர் எளிதில் தருவதில்லை. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகின்றது. ஏற்கெனவே கொத்திய கல்லுக்கோ வெடியும் வேண்டாம், சூளையும் வேண்டாம்.

ஒரு பங்கில் பழைய கோவிலை ஜே.சி.பி. கொண்டு இரண்டே நாளில் இறக்கியதைப் பார்த்திருக்கிறேன். கற்கள் லாரியில் வெளியே போயின. புதிய கோவிலின் அஸ்திவாரத்துக்கு வேறு லாரியில் கல் உள்ளே வந்தது. கூலி மிச்சம் என்றார்கள். இரண்டு பக்கமும் கொடுத்த லாரி வாடகையை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

ஒரு கன மீட்டர் கருங்கல் சுமார் 2.7 டன் எடை. எனவே அதே வளாகத்தில் பயன்படுத்துவதில்தான் இலாபம். மேலிருந்து வரிசை வரிசையாக ஆள் வைத்து இறக்கி, மூலைக்கல், படிக்கல், சாதாரணக் கல் என்று தனித்தனியாக அடுக்க வேண்டும். சுத்தியலால் தட்டும்போது கணீரென்று ஒலிப்பது நல்ல கல். மந்தமாக ஒலித்தால் உள்ளே கீறல் இருக்கலாம். அதைத் தரையில் பதிக்க வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பழைய கல் என்பதற்காகப் பழைய முறையிலேயே அடுக்கிவிடக் கூடாது. 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிராவின் கில்லாரி நிலநடுக்கத்தில் பல ஆயிரம் பேர் இறந்தனர். மண் சாந்தில் கட்டிய தடித்த கல்சுவர்கள் சரிந்ததே அதற்குப் பெரிய காரணம். சுவரின் உள்முகத்தையும் வெளிமுகத்தையும் பிணைக்கும் நீளக்கற்கள் அவசியம். அஸ்திவாரம், படி, தாழ்ந்த சுற்றுச்சுவர் ஆகியவற்றுக்குத் தயங்காமல் பயன்படுத்தலாம். உயர்ந்த சுவர் என்றால் பொறியாளரைக் கேட்க வேண்டும்.

யாருடைய கல் என்ற கேள்வியும் உண்டு. 1836இல் கொள்ளிடத்தின் கீழணைக்காகக் கங்கைகொண்ட சோழபுரம் கோவில் மதிலின் கற்கள் பெயர்க்கப்பட்டன. அணையால் வயல்கள் செழித்தன; கோவில் மதிலை இழந்தது. திருக்கோணமலையில் 17ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கரான போர்த்துக்கீசியர் கோணேசர் கோவிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். இதை மறுபயன்பாடு என்று சொல்ல என்னால் முடியாது. பிறர் வழிபடும் இடத்தைப் பறித்து எடுத்த கல் அது.

நல்ல முன்மாதிரியும் இருக்கின்றது. திருமழபாடிக் கோவிலைப் பிரித்துக் கட்ட ஆணையிட்ட முதலாம் இராசராசன், சுவரிலிருந்த கல்வெட்டுகளை முதலில் ஏட்டில் படியெடுக்கச் செய்தான். அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் அவை மீண்டும் பொறிக்கப்பட்டன. நம் கோவில்களிலும் அடிக்கல், நன்கொடையாளர் பெயர்க்கல், கல்லறைக் கல் உண்டு. அவற்றை இறக்குவதற்கு முன் படம் எடுத்து, எழுத்துகளைப் பங்குப் பதிவேட்டில் எழுதி வைக்கலாம்.

பீடக்கல் மட்டும் வேறு. நிலையான பீடத்தின் மேற்பலகை ஒரே இயற்கைக் கல்லால் ஆனதாக இருக்க வேண்டும் என்பது திருச்சபையின் வழக்கம். கோவில் வேறு பயனுக்கு மாற்றப்பட்டாலும் பீடம் தன் அர்ச்சிப்பை இழப்பதில்லை என்று திருச்சபைச் சட்டம் 1238 கூறுகின்றது. ஆகவே அதைப் படிக்கட்டிலோ துணி துவைக்கும் இடத்திலோ போட முடியாது. ஆயரின் அறிவுரைப்படி புதிய கோவிலிலேயே அதற்கு இடம் தேடுவது நல்லது.

இடிப்பு ஒப்பந்தம் எழுதும்போதே, 'கற்களை முழுதாக இறக்கி வளாகத்தில் அடுக்கித் தர வேண்டும்' என்ற ஒரு வரியைப் பங்குப் பேரவை சேர்த்துவிட்டால், ஜே.சி.பி. வருவதற்கு முன் ஒப்பந்தக்காரர் நம்மிடம் பேச வேண்டியிருக்கும்.