அச்சம் உரைக்கும் ஓர் ஆங்கிலச் சொல்

நாம் கீழ்வகுப்பிற் பயின்ற காலத்தில், விடுதி மாணவர் ஒருவர் தம் அன்னையார் நோயுற்றமை கேட்டுக் கலங்கி, வீடு செல்ல விடை வேண்டி ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதினார். அன்னையாரை எண்ணி அஞ்சுகின்றேன் என்பது அவர் கருத்து. ‘அஃப்ரெயிட்’ என்னும் சொல்லின்பின் ‘ஒவ்’ என்பதை இட்டுவிட்டார். ஆசிரியர் அதனைப் படித்து, “தம்பி, உமது தாயார் அத்துணைப் பொல்லாதவரோ?” என்றார். வகுப்பு நகைத்தது, அவர் கண் கலங்கினார். ஆசிரியர் உண்மை உணர்ந்து உடனே விடையளித்தார். அன்று கற்ற பாடத்தை நாம் இன்றும் மறந்திலேம்.

எதனிடமிருந்து அச்சம் பிறக்கின்றதோ அதற்கு முன்னே ‘ஒவ்’ வரும். பாம்பு, இருள், பிரம்பு என்பன இவ்வகையின. எவருக்குத் தீங்கு நேருமோ என்று கவல்கின்றோமோ அவருக்கு முன்னே ‘ஃபோர்’ வரும். பேச்சிலே ‘பாம்புக்குப் பயம்’ என நான்காம் வேற்றுமையாற் கூறிப் பழகியமையால் நாம் இவ்விடத்து இடறுகின்றோம். தொல்காப்பியரோ அச்சத்தை ஐந்தாம் வேற்றுமைப் பொருள்களுள் ஒன்றாக வைத்தார். ‘ஒவ்’ என்பதை அவ்வேற்றுமை போலவும், ‘ஃபோர்’ என்பதைப் ‘பொருட்டு’ என்னும் சொற்போலவும் கொள்ளின் மயக்கம் தீரும்.

இச்சொல் பெயருக்கு முன் அடையாக நில்லாது, பயனிலையிலேயே நிற்கும். ‘அஃப்ரெயிட் போய்’ என்பது வழு. அங்கே ‘ஃப்ரைட்டன்ட்’ என்றே எழுதுதல் வேண்டும். உறங்குதலைக் குறிக்கும் ‘அஸ்லீப்’, உயிருடன் இருத்தலைக் குறிக்கும் ‘அலைவ்’ ஆகியனவும் இத்தன்மையனவே. மேலும், அஞ்சி ஒன்றைச் செய்யாது விடுதற்கு ‘டு’ வரும்; தன்னை மீறி நேரக்கூடியதற்கு அஞ்சுதற்கு ‘ஒவ்’ வரும். மரம் ஏற அஞ்சுதல் முன்னது. ஏறியபின் விழுதற்கு அஞ்சுதல் பின்னது.

அச்சமே இல்லாத இடத்தும் இச்சொல் வருதல் உண்டு. வேலை வேண்டி விண்ணப்பித்த இளைஞருக்கு, ‘ஐ ஆம் அஃப்ரெயிட்’ எனத் தொடங்கும் மறுமொழி வருமாயின், எழுதியவர் அஞ்சினார் என்பதன்று பொருள். இடமில்லை என்பதை வருத்தத்தோடு அறிவிக்கும் உபசார வழக்கு அது.

பிழைக்கு நகைத்தல் எளிது; பிழையின் பின் நிற்கும் நெஞ்சை அறிதலன்றோ ஆசிரியத் தொழில்! இளைய மாணவர்காள், எழுதுங்கள். பிழைக்கு மட்டும் அஞ்சாதீர்கள்.