கோட்டு முறையும் எழுத்தின் வடிவும்

எழுத்து ஒலிவடிவு, வரிவடிவு என இருதிறப்படும். ஒலிவடிவின் பிறப்பினை நம் இலக்கண நூலார் விரிவாக ஆராய்ந்துள்ளனர். வரிவடிவைக் கை எவ்வாறு இயற்றுகின்றது என்பதோ, ஆசிரியர் மாணவனின் விரலைப் பற்றி மணலில் எழுதிக் காட்டும் திண்ணைப்பள்ளிப் பழக்கமாகவே நின்றுவிட்டது. எக்கோட்டை முன்னர் இழுப்பது, எங்குத் தொடங்கி எங்கு முடிப்பது என்னும் ஒழுங்கினை ஈண்டுக் ‘கோட்டு முறை’ எனக் குறிப்போம். பழஞ்சுவடி படிப்பார்க்கு இவ்வறிவு இன்றியமையாதது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இம்முறையைப் பெரிதும் பேணுவோர் சீனர். மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் எழுதுக. இரு கோடுகள் குறுக்கிடின் கிடைக்கோட்டை முன்னரும் நெடுங்கோட்டைப் பின்னரும் இடுக. நாற்புறமும் சூழ்ந்த எழுத்தில் அடிக்கோட்டை இறுதியில் இடுக என்பன அவர்தம் விதிகளுட் சில. இவை அழகின் பொருட்டு மட்டும் அமைந்தன அல்ல. விரைந்து எழுதுங்கால் ஒரு கோட்டின் முடிவு அடுத்த கோட்டின் தொடக்கத்தோடு இணைந்துவிடுகின்றது. ஆதலின், முறை அறிந்தானே விரைவெழுத்தைத் தடுமாறாது படிப்பான்.

பத்து என்னும் எண்ணைக் குறிக்கும் சீன எழுத்து, கூட்டற்குறி போன்ற வடிவினது. தமிழ்ப் பிராமியின் ககரமும் அவ்வடிவினதே. மதுரைக்கு அண்மையிலுள்ள மாங்குளத்துக் குகைக் கல்வெட்டுகளில் கணி நந்தன் என்னும் துறவியின் பெயருக்கு இஃது முதலெழுத்தாக நிற்றலைக் காணலாம். அக்கல்வெட்டுகளை இராபர்ட்டு சிவெல் 1882இல் கண்டறிந்தார். இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவினார். சீன எழுத்து இன்றும் அவ்வடிவிலேயே நிற்க, நம் ககரம் பெரிதும் மாறியது எதனால்?

கல்லில் உளி ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியே வெட்டும். ஓலையிலோ எழுத்தாணி கூடியவரை எடுபடாமல் ஓடுதல் வேண்டும். இடக்கை ஓலையைப் பற்றி நகர்த்த, அக்கையின் பெருவிரல் ஆணிக்குத் தாங்கலாக நிற்கும். நரம்பின் போக்கில் நேர்கோடு கீறின் ஓலை பிளத்தலும் கூடும். கை எடாது எழுதும் விரைவும் ஓலையின் இயல்பும் சேர்ந்து கோணங்களை வளைவுகளாக்கின. வட்டெழுத்து இதற்குத் தக்க சான்று. மதுரையை அடுத்த ஆனைமலை நரசிங்கர் கோயிலில், கி.பி. 770ஆம் ஆண்டைச் சார்ந்த பாண்டியர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு வட்டெழுத்தில் அமைந்துள்ளது. ஓலையில் பயின்ற கையின் ஓட்டம் அங்குக் கல்லின்மேலும் புலனாகின்றது.

வளைவு மிகுந்ததனால் ஓர் இடரும் நேர்ந்தது. பிற்கால வட்டெழுத்தில் பகரமும் வகரமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். முழு வடிவை மட்டும் நோக்குவான் இவற்றில் மயங்குவான். கோடு தொடங்கும் இடத்தையும் திரும்பும் இடத்தையும் நோக்குவானுக்கு மயக்கம் குறையும்.

ஏட்டுச்சுவடிகளில் மற்றுமோர் இடர் உண்டு. புள்ளி இடுங்கால் ஆணி ஓலையைத் துளைக்கும் ஆதலின் எழுதுவோர் அதனை விடுத்தனர். ரகரத்திற்கும் காலுக்கும் வடிவ வேறுபாடு இன்மையின், ‘கொ’ என எழுதியதைக் கொ, கோ, கெர, கேர, கெர், கேர் எனப் பலவாறு படிக்க இயலும். இங்குக் கோட்டு முறை ஒன்றே போதாது. பொருளும் யாப்புமே முடிவு கூறும். எனினும் கோடுகளைத் தெளியக் கண்ட பின்னரே பொருளாராய்ச்சி உறுதியாக நடைபெறும். பாடபேதம் என நாம் குறித்து வைப்பனவற்றுட் சில, ஏடெழுதியவரின் கை ஓட்டத்தை உணராமையால் எழுந்தனவாகவும் இருத்தல் கூடும்.

1978ஆம் ஆண்டின் அரசாணையால் ணை, லை, ளை, னை முதலியவற்றின் பழைய இணைவடிவுகள் நீங்கின. முன்னர் யானைத் துதிக்கைபோல் வளைந்து மெய்யோடு ஒட்டி நின்ற ஐகாரக் குறி, அதன்பின் தனிக்குறியாயிற்று. அச்சிற்கும் கற்பித்தலுக்கும் இது நலமே. ஆயினும் கை எடாது எழுதிய முறையின் சுவடு அவ்விணைவடிவில் இருந்தது. அதனை அறியாத மாணவனுக்கு முந்தைய நூல்களும் கையெழுத்துப் படிகளும் ஓரளவு அயலாகின்றன.

ஆதலின், சுவடியியல் பயில்வோர் வட்டெழுத்தையும் பழைய ஏட்டெழுத்தையும் கண்ணால் காண்பதோடு அமையாது, ஒவ்வோர் எழுத்தையும் தொடக்கம், திருப்பம், முடிவு என்னும் ஒழுங்கில் பலகால் எழுதிப் பழகுதல் வேண்டும். எழுதிப் பழகிய கை, சிதைந்த எழுத்தின் எஞ்சிய கோட்டிலிருந்தும் மறைந்த பகுதியை உய்த்துணரும். இன்னும் அச்சேறாத ஏடுகள் பலவாக, அவை நாளும் நலிந்து வருதலின், இப்பயிற்சியைக் காலம் தாழ்த்தாது மேற்கொள்ளுதல் நம் கடன்.